படம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்

நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் சலவைப் பகுதிக்குப் போகிற வழியில் ஒரு கழிப்பறை இருக்கிறது. அதன் வாசலில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பம். கம்பத்தின் தலையில் நான்கு பொத்தான்கள், நான்கு முகங்கள். கடும் பச்சையில் வாய் நிறையச் சிரிக்கும் முகம், இளம் பச்சையில் அளவாகச் சிரிக்கும் முகம், ஆரஞ்சில் உம்மென்று இருக்கும் முகம், சிவப்பில் கோபமான முகம். இன்றைக்கு எங்கள் கழிப்பறை உங்களுக்கு எப்படி இருந்தது என்று மேலே எழுதியிருக்கிறது. இங்கிலாந்துக்கு வந்து வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அதைப் பார்த்துப் பயந்துபோனேன். எதையாவது அழுத்தினால்தான் கதவு திறக்கும் என்று நினைத்தேன். எந்த முகத்தை அழுத்தினால் வேலை போகும் என்றும் தெரியவில்லை. ஒரு தாதி எதையும் அழுத்தாமல் உள்ளே போனதைப் பார்த்த பிறகுதான் நானும் போனேன். லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே வரிசையாகக் கட்டிய பன்னிரண்டு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ். ஒன்றுக்குக் கதவு கிடையாது, கோணிச் சாக்கு தொங்கும். அது எப்படி இருந்தது என்று எந்தத் துரையும் எந்தக் காலத்திலும் எங்களைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பொத்தானையா அழுத்தியிருப்போம்?

இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் கேட்கிறார்கள். செருப்பு வாங்கினால் கேட்கிறார்கள். பல் பிடுங்கினால் கேட்கிறார்கள். பார்சல் கொண்டுவந்தவன் எப்படி, பஸ் ஓட்டியவன் எப்படி, ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை. ஆரம்பத்தில் இதை மரியாதை என்று நினைத்தேன். பிறகு தெரிந்தது, பதில் சொல்லத் தெரியாதவர்களை இவர்கள் மனிதர்களாகவே எண்ணுவதில்லை. "ஹவ் வாஸ் யுவர் வீக்கெண்ட்?" என்று கேட்டால் துணி தோய்த்தேன், சோறு ஆக்கினேன் என்று சொல்லக் கூடாது. "லவ்லி" என்று சொல்ல வேண்டும். நடந்ததைச் சொன்னால் முகம் வேறு பக்கம் திரும்பிவிடும். எப்படி இருந்தது என்று ஒரு சொல்லில் சொன்னால் போதும். அந்த ஒற்றைச் சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு விஷயத்தை நேரே சொல்லிவிடுகிறேன். முப்பத்தாறு வயதில் கல்யாணமாகி, புருஷனோடு சேரும் விசாவில் இங்கே வந்தவள் நான். செல்வம் எனக்கு முன்பே பல வருடங்களாக இங்கே இருக்கிறார், டிக்கோயாக்காரர், ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை. எனக்கு ஐந்து வருடம் முடிந்தால் நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம். அதற்கு ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும். பத்தே நிமிடப் பரீட்சை. எதிரில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருப்பார். முதல் ஐந்து நிமிடம் நாமே தயாரித்துக்கொண்டு போகும் ஒரு விஷயம், மீதி அவர் கேட்கிற கேள்விகள். விசா பெப்ரவரி கடைசியில் முடிகிறது. அதற்குள் தேறாவிட்டால் மறுபடியும் தற்காலிக விசா, மறுபடியும் வருடக் கணக்கில் காத்திருப்பு. இதற்கு ஏன் இவ்வளவு பயம் என்று இங்கே பிறந்தவர்கள் கேட்கலாம். என் அப்பா எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆளாகப் பிறந்தவர். மலையில் பிறந்து, மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டி, நான் பிறந்த பிறகுதான் பிரஜாவுரிமைத் தாளைக் கண்ணால் கண்டவர். அதை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டியிருந்தார். தாள் இல்லாத பயம் என்ன என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது பாலோடு வந்தது.

முதல் தடவை பரீட்சைக்கு நான் தேர்ந்தெடுத்தது சினிமா. அதில் யாரும் என்னை மிஞ்ச முடியாது என்ற திமிர் எனக்கு இருந்தது. திமிருக்குக் காரணம் உண்டு.

எங்கள் தோட்டத்தில் எல்லோராலும் படம் பார்க்கப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலைக்கோ ஹட்டனுக்கோ யாராவது ஒருத்தி போவாள். திங்கட்கிழமை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கலைந்து மலைக்கு ஏறினால், அவளுக்கு நடு நிரையைக் கொடுப்போம். இரண்டு பக்கமும் மற்றவர்கள். அவள் கொழுந்து எடுத்துக்கொண்டே படத்தைச் சொல்ல வேண்டும். சொல்வது என்றால் கதைச் சுருக்கம் அல்ல. எழுத்துப் போடுவதிலிருந்து ஆரம்பித்து, யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள், என்ன சேலை, பாட்டில் எத்தனை தடவை உடுப்பு மாற்றினார்கள், வில்லன் எந்தக் கையால் அடித்தான், எல்லாம். மத்தியானம் கொழுந்து நிறுக்கும் நேரம் இடைவேளை. பிறகு மீதிப் பாதி. இதற்குச் சட்டம் உண்டு. சொல்கிறவளைக் குறுக்கே மறிக்கக் கூடாது. முடிவை மறைக்கக் கூடாது. முக்கியமான சட்டம், நல்ல படம், சோகமான படம் என்று சொல்கிறவள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னால் படம் கெட்டுப்போனது. அழுவதா சிரிப்பதா என்பது கேட்கிறவர்கள் பாடு. கதை சொல்கிறவளுக்குக் கை பின்தங்கிப்போகும், கூடை நிறையாது. அதனால் படம் முடிந்ததும் இரண்டு பக்கமும் இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்து அள்ளி அவள் கூடையில் போடுவோம். படம் பிடித்திருந்தால் இரண்டு பிடி. பிடிக்காவிட்டால் ஒரு பிடியும் அரை மனதோடு விழும். எங்கள் விமர்சனம் அவ்வளவுதான். என் அக்கா புஷ்பம்தான் அந்த மலையிலேயே பெரிய ஆள். அவளுக்கு அடுத்து நான். ஒருநாள் நான் சொன்ன படத்துக்கு, எந்தப் படமும் லேசில் பிடிக்காத ராமாயி அக்கா மூன்று பிடி போட்டாள். கங்காணியும் ஒட்டுக்கேட்டுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு போனார்.

அந்தத் திமிரோடுதான் ஒக்டோபரில் பரீட்சை அறைக்குள் போனேன். எதிரில் ஒரு அம்மா, நரைத்த முடி, கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி. மேசையில் ஒரு சின்னக் கடிகாரம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படத்தை ஆரம்பித்தேன். ஆங்கிலம் தடுமாறினாலும் கதை தடுமாறவில்லை. கதாநாயகன் ரயிலிலிருந்து இறங்கினான், மழை பெய்தது, பெட்டி மாறிப்போனது. அந்த அம்மா இடையில் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அண்ட் வாஸ் இட் எக்ஸைட்டிங்?"

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. கதை போகும்போது குறுக்கே மறிப்பதா? கையைக் காட்டி, "வெயிட் மேடம்" என்றேன். மேலே சொன்னேன். பெட்டிக்குள் குழந்தைச் சட்டை இருந்தது வரை வந்துவிட்டேன். அவர் மறுபடியும், "ஹவ் டிட் இட் மேக் யூ ஃபீல்?" என்றார். எப்படி இருந்தது என்று நான் சொல்லிவிட்டால் பிறகு நீ எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று தமிழில் கேட்கத் தோன்றியது. ஆங்கிலத்தில் சொன்னேன்: "ப்ளீஸ் வெயிட். இன்டர்வல் நாட் கம்."

கடிகாரம் அடித்தது. அவர் பேனாவை மூடினார். முகத்தில் கோபம் இல்லை, பாவம் பார்க்கும் முகம். அது அந்தக் கழிப்பறைக் கம்பத்தில் இல்லாத ஐந்தாவது முகம். தேறவில்லை என்று கடிதம் வந்தது.

அன்றிலிருந்து சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்க்காமல் தேத்தண்ணி ஊற்ற முடியவில்லை. பெப்ரவரிக்கு முன்னால் இந்த வருடத்தில் இன்னும் எத்தனை தாள் மிச்சம் என்று விரலால் தடவிப் பார்ப்பேன். சலவைப் பகுதியில் சூடான விரிப்புகளை மடிக்கும்போது மூலை சேராது. செல்வம், "பயப்படாத கமலா, இன்னொரு வாட்டி எழுதலாம்" என்பார். பேசுகிற பரீட்சையை எழுதலாம் என்கிற ஆளிடம் என்னத்தைச் சொல்வது. அவர் சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று தெரியும். ஆறுதல் விசாவாகுமா?

நூலகத்தின் மாடியில் புதன்கிழமைகளில் இலவச ஆங்கில வகுப்பு நடக்கிறது. மார்கரெட் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை நடத்துகிறார். நல்ல பெண்மணி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நான் எழுதுவதைப் பார்த்தால் அவர்மேல் எனக்கு வெறுப்பு என்று நினைப்பீர்கள். நான் ஏன் தேறவில்லை என்று கேட்டுவிட்டு, மேசையில் ஒரு கட்டு அட்டைகளை விரித்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சொல். கிரிப்பிங். மூவிங். ஹிலேரியஸ். ப்ரெடிக்டபிள். ஸ்டன்னிங். டிஸப்பாயின்டிங். படத்தைப் பற்றிப் பேசும்போது கதை பத்தில் ஒரு பங்கு போதும், மீதி எல்லாம் இந்தச் சொற்கள் என்றார். நடிப்புக்கு இரண்டு சொல், இசைக்கு ஒன்று, கதைக்கு இரண்டு, கடைசியில் மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்வீர்களா இல்லையா. மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. சோதித்துப் பார்க்க, எனக்குத் தெரிந்த ஒரு படத்தைச் சொல்லச் சொன்னார். நான் பழக்க தோஷத்தில் நேரே முடிவுக்குப் போனேன். மார்கரெட் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, "நோ, நோ! நோ ஸ்பாயிலர்ஸ்!" என்று கத்தினார். வகுப்பு முழுவதும் சிரித்தது. பக்கத்தில் இருந்த எரித்திரியாப் பெண் மட்டும் என்னைப்போலவே விழித்தாள். முடிவைச் சொல்வது இங்கே கெட்ட பழக்கமாம். எங்கள் மலையில் முடிவைச் சொல்லாமல் விட்டால் கூடையை உருட்டிவிடுவார்கள்.

அந்தச் சொற்களை நான் ஏன் அவ்வளவு வெறுத்தேன் என்று வீட்டுக்கு வந்துதான் யோசித்தேன். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று பிரஜாவுரிமை. மற்றது ஒரு துரை ஊருக்குப் போகும்போது தட்டச்சு செய்து கொடுத்த நற்சான்றிதழ். அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் மடிப்பு கிழியாமல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். நான் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது அகராதியை வைத்துக்கொண்டு அதை வாசித்தேன். ஹானஸ்ட், சோபர், ஒபீடியன்ட், ஹார்ட்வர்க்கிங். நேர்மையானவன், குடிக்காதவன், சொன்னபடி கேட்பவன், உழைப்பாளி. நான்கு சொல். அப்பா சம்பளச் சனிக்கிழமை என்றால் வீட்டு வாசலைக் கண்டுபிடிக்க மாட்டார். சொன்னபடி கேட்பவர் என்றால், பின் ஏன் ஸ்ட்ரைக்கில் முன்வரிசையில் நின்று மூன்று மாதம் வேலை இல்லாமல் கிடந்தார்? அந்தத் துரை பல வருடம் அப்பாவைத் தினமும் பார்த்தவர். அப்பாவுக்குக் கல்யாணமானதோ, இரண்டு பிள்ளை செத்ததோ, கவ்வாத்துக் கத்தி காலில் பாய்ந்ததோ அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நான்கு சொல்லோடு நிறுத்த முடியாது. கதை தெரியாதவர்கள்தான் இப்படிச் சொல் ஒட்டுவார்கள் என்று எனக்கு அன்றே பட்டது. ஆங்கிலத்தில் அந்த மாதிரிச் சொற்கள் எப்போதும் எங்களைப் பற்றித்தான் எழுதப்பட்டன. நாங்கள் யாரைப் பற்றியும் எழுதியதில்லை.

ஒரு புதன்கிழமை, உங்கள் வாழ்க்கையில் பார்த்த ஆங்கில வர்ணனைச் சொற்களைக் கொண்டுவாருங்கள் என்றார் மார்கரெட். மற்றவர்கள் ஷாம்பு போத்தலையும் சொக்லேட் உறையையும் கொண்டுவந்தார்கள். நான் அக்காவிடம் சொல்லி அப்பாவின் நற்சான்றிதழைப் போட்டோ பிடித்து அனுப்ப வைத்திருந்தேன். மார்கரெட் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசித்தார். "வாட் எ லவ்லி லெட்டர்! யூ மஸ்ட் பீ ஸோ ப்ரௌட்." திருப்பிச் சொல்வதற்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. தமிழில் இருந்தது, ஆனால் நூலகத்தில் அந்தத் தமிழைப் பேசக் கூடாது.

கோபத்தால் பரீட்சை தேறாது. ஆகவே சொன்னபடி கேட்டேன். ஒபீடியன்ட். மார்கரெட் ஒரு ஆங்கிலப் படத்தை இரவல் கொடுத்தார், டிவிடி. கடற்கரை ஊரில் சலவைக் கடை வைத்திருக்கும் ஒருத்தி, வெளுக்க வந்த ஒரு பழைய கோட்டின் பையில் உறை ஒட்டாத கடிதம் ஒன்றைக் காண்கிறாள். கோட்டைக் கொடுத்தவர் திரும்பி வருவதில்லை. அவள் கடையைப் பூட்டிவிட்டு அந்த ஆளைத் தேடிப் போகிறாள். சலவை எனக்குத் தெரிந்த தொழில், சொற்கள் வாயில் நிற்கும் என்பது மார்கரெட்டின் கணக்கு. நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, நாளுக்குக் கொஞ்சமாகப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்ல முடியாது, பொறுக்கினேன். இந்த இடம் ஸ்லோ. இந்த இடம் டென்ஸ். இவள் நடிப்பு கன்வின்சிங்.

காலையில் வேலைக்குப் போகும் பஸ்ஸில் அக்காவுக்குப் போன் எடுப்பேன். எனக்குக் காலை ஆறேகால், அவர்களுக்குப் பதினொன்றே முக்கால், நிறுவைக்கு முந்தின நேரம். புஷ்பம் அக்கா போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டுத் தலைத்துண்டுக்குள் செருகிக்கொள்வாள். இரண்டு பக்க நிரைக்கும் கேட்கும். இப்போது கூடை இல்லை, பிளாஸ்டிக் சாக்கு. மற்றபடி மலை அதே மலை. பரீட்சைக்குப் பழகிக்கொள்ள நல்ல வழி என்று நினைத்து, அந்தச் சலவைக்காரி படத்தை அவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். மார்கரெட் சொன்ன மாதிரியே, தமிழில்.

"இது ஒரு மென்மையான, மனச உருக்குற படம். ஆரம்பம் கொஞ்சம் மெதுவா இருந்தாலும் நடிப்பு இயல்பா இருக்கு."

மறுபக்கம் இலை உரசும் சத்தம் மட்டும். பிறகு ராமாயி அக்கா: "என்னாடி இது, ரேடியோவுல சவுக்காரம் விக்கிறவ மாதிரி பேசுற?"

"பரீட்சைக்கு இப்புடித்தான் சொல்லணுமாம் அக்கா."

"கொழுந்த தரம் பாக்க கண்டாக்கையா வந்து சாக்குக்குள்ள கைய விட்டுட்டு, முத்தல், நஞ்சது, கழிவுன்னு சொல்லுவாரே, அப்புடியே இருக்குடி. அவரு என்னைக்கு ஒரு கொழுந்து ஆஞ்சாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பஸ்ஸில் சிரித்தேன். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். புஷ்பம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அவள விடுங்கடி, அவ கவல அவளுக்கு. கமலா, நீ பரீட்சைக்கு அங்க எப்புடியோ சொல்லு. எங்களுக்குப் படத்தச் சொல்லு. கோட்டு என்ன கலரு?"

அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. கோட்டின் நிறம் எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை வேலை விட்டு வந்து மறுபடி போட்டுப் பார்த்தேன். சாம்பல். அடுத்த நாள் சொன்னேன். சலவைக்காரி கையால் தோய்த்தாளா மெசினிலா என்று கேட்டார்கள். அதற்கும் மறுபடி பார்த்தேன். இப்படி ஒரு நாளைக்குக் கொஞ்சமாக, ஒரு பக்கம் பரீட்சைக்கு, மறுபக்கம் மலைக்கு என்று ஒரே படத்தை இரண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் வரை வந்தேன். அங்கே நிறுத்திவிட்டேன். ஆங்கிலப் படத்துக்கு இடைவேளை கிடையாது, நானே ஒன்றைப் போட்டேன். காரணம் பயம். முடிவு தெரிந்தால் பரீட்சை அறையில் என் வாய் நிற்காது, கதை தன்னாலே ஓடும், கடிகாரம் அடிக்கும், பெப்ரவரி போய்விடும். தெரியாத முடிவை யாராலும் உளற முடியாது அல்லவா? டிவிடியை எடுத்து அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன். "மிச்சத்த பாக்கலையா?" என்று செல்வம் கேட்டார். "பாஸானா பாக்கிறேன்" என்றேன். சாமிக்கு நேர்ந்துகொண்ட மாதிரி ஆகிவிட்டது. அக்காவிடமும் சொன்னேன், பரீட்சை முடியட்டும், முடிவு பிறகு. "எங்கள இடைவேளையிலயே ஒக்கார வச்சிட்டியேடி" என்றாள் ராமாயி அக்கா.

ஜனவரியில் இரண்டாம் பரீட்சை. அதற்கு முந்தின வாரம் மூன்று கிலோ இறங்கியிருந்தேன். பஸ்ஸில், மடிக்கும் மேசையில், மீன் கழுவும்போது, வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது: ஜென்டில், மூவிங், கன்வின்சிங். கந்தசஷ்டி கவசம் மாதிரி. இந்தத் தடவை எதிரில் ஒரு இளம் ஆள், தடிமன் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். கடிகாரம் அதேதான். நான் ஆரம்பித்தேன். கதை நான்கு வரி. அவன் கேட்க முன்பே சொல் கொடுத்தேன். நடிப்புக்கு இரண்டு, இசைக்கு ஒன்று, கடற்கரைக்கு ஒன்று, ஆரம்பத்துக்கு ஒரு குறை. சிபாரிசு செய்கிறேன் என்றேன். அவன் தலையை ஆட்டி ஆட்டி எழுதினான். எல்லாம் ஒழுங்காகப் போனது. அப்போது அவன் பேனாவை நிறுத்திவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவன்போல் முன்னால் குனிந்தான்.

"ஸோ, ஹவ் டஸ் இட் எண்ட்?"

இந்த நாட்டில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் கதையைக் கேட்கிறார். என்னிடம் கதை இல்லை. அரிசி வாளிக்குப் பின்னால் இருக்கிறது. அப்பாவின் டிரங்குப் பெட்டி, அரைஞாண் சாவி, பெப்ரவரித் தாள் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டேன்.

"நோ ஸ்பாயிலர்ஸ்!"

அவன் தும்மலும் சிரிப்புமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வெரி குட்," என்றான். எழுதினான். கடிகாரம் அடித்தது.

தேறிவிட்டேன். மின்னஞ்சல் வந்தபோது விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். போனைப் பார்த்துவிட்டு நேரே அந்தக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வரும்போது கம்பம் நின்றது. கடும் பச்சையை அழுத்தினேன். உள்ளே சவுக்காரம் தீர்ந்துபோயிருந்தது, தரை ஈரம். பரவாயில்லை. ஐந்து வருடத்தில் அன்றுதான் அழுத்தினேன். மார்கரெட் கட்டிப்பிடித்து, "அமேஸிங்!" என்றார். அன்று அந்தச் சொல் எனக்குக் குத்தவில்லை. குத்தவில்லை என்பதுதான் பிறகு உறுத்தியது.

சனிக்கிழமை பகலில் அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து டிவிடியை எடுத்தேன். நோட்டுப் புத்தகம் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். மீதிப் படத்தை முழுவதும் பார்த்தேன். திங்கட்கிழமை பஸ்ஸில் போன் எடுத்தேன். தேறியதை அவர்களுக்கு முன்பே சொல்லியிருந்தேன். அன்றைக்கு நடு நிரை எனக்கு என்று அக்கா எல்லோரையும் கிட்ட வரச் சொல்லியிருந்தாள். மூச்சுச் சத்தங்கள் கேட்டன.

"வெள்ளக்காரிச்சி வந்திட்டாங்க. சொல்லுங்க மேடம்" என்றாள் ராமாயி அக்கா.

நான் வாயைத் திறந்தேன். "முடிவு ரொம்ப மனச உருக்குற மாதிரி..."

"போச்சு" என்றாள் ராமாயி அக்கா.

"சரி விடு" என்றாள் புஷ்பம் அக்கா. "வாய் தவறி வந்திருச்சு. நடந்தத சொல்லு."

சொன்னேன். சலவைக்காரி மூன்று ஊர் தாண்டிப் போனாள், அந்த ஆளைக் கண்டுபிடித்தாள். கிழவன். தனியாக இருந்தான். கோட்டைக் கொடுத்தாள், கடிதத்தையும் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனான். திரும்பிவந்து கதவைச் சாத்தினான். அவள் கடற்கரையில் நடந்து போனாள். முடிந்தது.

இலைச் சத்தம் நின்றிருந்தது. எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தது. பிறகு அக்கா கேட்டாள்.

"கெழவன் கடுதாசியப் படிச்சானா? இல்ல படிக்காமயே அடுப்புல போட்டானா?"

யோசித்தேன். கிழவனின் முதுகு ஞாபகம் இருந்தது. அடுப்பு ஞாபகம் இருந்தது. அந்த இடத்தில் என் மனதில் மூவிங் என்ற சொல் வந்ததும் ஞாபகம் இருந்தது. சரியான சொல் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு நொடி கண்ணை எடுத்திருக்கிறேன். அந்த நொடியில் அவன் கையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு காலத்தில் கதாநாயகி எத்தனை வளையல் போட்டிருந்தாள் என்று கேட்டாலும் சொன்னவள் நான்.

"மறுபடி பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன் அக்கா" என்றேன்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தூரத்தில் ஒரு ஆண் குரல் அதட்டியது. "கங்காணி வாராரு, லைன்ல இரு" என்று அக்கா அவசரமாகச் சொன்னாள். தலைத்துண்டிலிருந்து போனை உருவிக் கொழுந்துச் சாக்குக்குள் போட்ட சத்தம் கேட்டது. சட்டென்று எல்லாக் குரலும் அடங்கின. போனை வைக்காமல் காதோடு அழுத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பொத்தென்று ஒரு பிடி கொழுந்து போன் மேலே விழுந்தது. பிறகு இன்னொன்று. எனக்காகப் போட்ட பிடியா, அக்கா தன் சாக்கை நிறைக்கிறாளா என்று தெரியவில்லை. பஸ்ஸில் பதிவுசெய்த பெண் குரல் அடுத்த தரிப்பிடம் ஆஸ்பத்திரி என்று சொன்னது. நான் இறங்கவேண்டிய இடம். காதுக்குள் இலை விழுந்துகொண்டே இருந்தது.